லினக்ஸில் விண்டோஸ் கேம்ஸ்: எது ஓடும்? எது ஓடாது?

"மாமா, லினக்ஸ் போட்டால் என் கேம்ஸ் எல்லாம் ஓடுமா?"

2025ஆம் ஆண்டு தீபாவளி விடுமுறையில் என் அக்கா மகன் கேட்ட கேள்வி இது. அவர்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் 2016ல் வாங்கியது. ஆறாவது தலைமுறை கோர் ஐ3 பிராசசர், 8 ஜிபி ராம். தனியாக கிராபிக்ஸ் கார்ட் கிடையாது. அந்த அக்டோபர் 14ஆம் தேதியுடன் விண்டோஸ் 10க்கு வழக்கமாகத் தந்துவந்த ஆதரவை மைக்ரோசாப்ட் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11க்கு மாறலாம் என்றால், இன்டெல் பிராசசர்களில் பெரும்பாலும் எட்டாவது தலைமுறையிலிருந்துதான் அது அதிகாரபூர்வமாக இடம் தருகிறது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டரைக் காயலான் கடைக்குப் போடவா முடியும்? லினக்ஸ் மின்ட் போட்டுவிடலாம் என்றேன். பையன் கேட்ட கேள்விக்கும் யோசிக்காமல், "எல்லாம் ஓடும்டா" என்று சொல்லிவிட்டேன்.

நான் சொன்னதில் பாதிதான் உண்மை. அன்று மாலையே ஏஜ் ஆப் எம்பயர்ஸ் 2 அழகாக ஓடியது. ஆனால் பள்ளி நண்பர்களுடன் தினமும் இரவில் சேர்ந்து விளையாடும் ஆன்லைன் துப்பாக்கிச் சண்டை விளையாட்டு ஓடவில்லை. என்னென்னவோ செய்து பார்த்தேன், பயனில்லை. விண்டோஸை ஏற்கனவே அழித்தாகிவிட்டது. நண்பர்கள் எல்லாரும் விளையாட, இவன் மட்டும் போனில் அவர்கள் போடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். என்னை ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

இந்தத் தவறை நீங்கள் செய்துவிடக் கூடாது. லினக்ஸில் விண்டோஸ் விளையாட்டுகள் எப்படி ஓடுகின்றன, எவை ஓடும், எவை ஓடாது, ஹார்ட் டிஸ்க்கை அழிக்கும் முன் எதைப் பார்க்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போமா?

விண்டோஸ் கேம் ஏன் நேரடியாக ஓடுவதில்லை?

எந்த கேமும் எல்லா வேலைகளையும் தானே செய்துகொள்வதில்லை. "இந்த பைலைத் திறந்து கொடு", "திரையில் ஒரு விண்டோ போடு", "இந்த ஒலியை எழுப்பு" என்று ஆப்பரேட்டிங் சிஸ்டத்திடம் கேட்டுக்கொண்டே இருக்கும். விண்டோஸுக்காக எழுதப்பட்ட கேம், விண்டோஸுக்குப் புரியும் விதத்தில் கேட்கும். லினக்ஸுக்கும் இதே வேலைகள் எல்லாம் தெரியும். ஆனால் அதனிடம் கேட்கும் முறை வேறு. ஒருவர் தமிழிலும் மற்றவர் ஜப்பானிய மொழியிலும் பேசினால் எப்படியோ அப்படித்தான்.

இங்கேதான் வைன் என்ற சாப்ட்வேர் வருகிறது. பழைய நாளில் துரைமார்களுக்கும் ஊர்க்காரர்களுக்கும் நடுவில் துபாஷி என்று ஒருவர் இருப்பார் அல்லவா? வைன் செய்வதும் அதே வேலைதான். கேம் விண்டோஸ் பாணியில் கேட்பதை வாங்கி, லினக்ஸ் பாணியில் மாற்றிச் சொல்லும். லினக்ஸ் தரும் பதிலை மறுபடியும் விண்டோஸ் பாணியில் கேமிடம் கொடுக்கும். தான் விண்டோஸில் ஓடவில்லை என்பதே கேமுக்குத் தெரியாது.

இதற்காக விண்டோஸில் உள்ள டிஎல்எல் பைல்களுக்குப் பதிலாக வைன் தன் சொந்த டிஎல்எல் பைல்களை வைத்திருக்கிறது. எனவே வைனைப் பயன்படுத்த உங்களிடம் விண்டோஸ் இருக்க வேண்டும் என்பதில்லை. லைசென்ஸும் வேண்டாம். வைன் ஒரு இலவச ஓப்பன் சோர்ஸ் சாப்ட்வேர்.

எமுலேட்டர் என்பது வேறா?

வேறுதான். எமுலேட்டர் என்பது ஒரு மெஷினையே இன்னொரு மெஷினுக்குள் நடித்துக் காட்டுவது. ஒவ்வொரு கட்டளையையும் மாற்றி மாற்றிச் செய்வதால் வேகம் குறையும். வீட்டுக் கம்ப்யூட்டரில் விண்டோஸ் இருந்தாலும் லினக்ஸ் இருந்தாலும் பிராசசர் ஒன்றுதான். ஆகவே கேமின் கட்டளைகள் பிராசசரில் நேரடியாகவே ஓடுகின்றன. ஆப்பரேட்டிங் சிஸ்டத்திடம் கேட்கும் இடங்களில் மட்டும் வைன் குறுக்கே வருகிறது. பல விளையாட்டுகள் விண்டோஸில் ஓடும் வேகத்திற்குப் பக்கத்திலேயே லினக்ஸிலும் ஓடுவது இதனால்தான். "வைன் ஒரு எமுலேட்டர் அல்ல" என்பதே அந்தப் பெயருக்கு அதை உருவாக்கியவர்கள் சொல்லும் விரிவாக்கம்!

முப்பது வருடக் கதை

வைன் 1993ல் தொடங்கியது. 1994லிருந்து அலெக்ஸாண்டர் ஜூலியார்ட் என்பவர் அதை முன்னின்று நடத்தி வருகிறார். முதல் முழுமையான பதிப்பான வைன் 1.0 வெளிவந்தது 2008 ஜூன் மாதம். அதாவது பதினைந்து வருட உழைப்பு! விண்டோஸ் உள்ளே எப்படி வேலை செய்கிறது என்பதை வெளியிலிருந்தே சோதித்துச் சோதித்து எழுதினார்கள். அவர்கள் எழுதி முடிப்பதற்குள் புதிய விண்டோஸ் வந்துவிடும்.

இடையில் வேறு வழிகளும் முயலப்பட்டன. 1998ல் தொடங்கிய லோக்கி சாப்ட்வேர் என்ற நிறுவனம் விண்டோஸ் கேம்களை லினக்ஸுக்கென்றே மாற்றி எழுதி விற்றது. வாங்குவோர் குறைவு. 2002ல் மூடிவிட்டது. 2013 பிப்ரவரியில், கேம்களை இன்டர்நெட் வழியாக விற்கும் வால்வ் நிறுவனம் தன் ஸ்டீம் சாப்ட்வேரை லினக்ஸுக்கும் கொண்டுவந்தது. கடை வந்தது, ஆனால் கடையில் சரக்கு போதவில்லை. லினக்ஸுக்காகத் தனியே எழுதப்பட்ட கேம்கள் குறைவு.

எனவே வால்வ் பாதையை மாற்றியது. 2018 ஆகஸ்ட் மாதம் புரோட்டான் என்ற சாப்ட்வேரை வெளியிட்டது. வைனை அடிப்படையாக வைத்து, கேம்களுக்குத் தேவையான பல பகுதிகளையும் சேர்த்து, ஸ்டீமுக்குள்ளேயே பொருத்திய தொகுப்பு இது. தொடக்கத்தில் சோதித்து அங்கீகரித்த கேம்கள் 27 மட்டுமே. இன்று ஆயிரக்கணக்கான கேம்கள் ஓடுகின்றன. 2022 பிப்ரவரியில் வால்வ் வெளியிட்ட ஸ்டீம் டெக் என்ற கையடக்க விளையாட்டுக் கருவியில் இருப்பதும் லினக்ஸும் புரோட்டானும்தான்.

படம் வரையும் வித்தை

விண்டோஸ் கேம்களில் முப்பரிமாணக் காட்சிகளை வரைவது பெரும்பாலும் டைரக்ட்3டி என்ற மைக்ரோசாப்ட் தொழில்நுட்பம். லினக்ஸில் அது கிடையாது. நீண்ட காலம் வைன் இதை ஓப்பன்ஜிஎல் என்ற முறைக்கு மாற்றித் தந்தது. பழைய கேம்களுக்கு அது போதும். புதிய கேம்கள் தடுமாறின.

2016ல் வல்கன் என்ற புதிய கிராபிக்ஸ் முறை வந்தது. டைரக்ட்3டி கட்டளைகளை வல்கனுக்கு மாற்றும் டிஎக்ஸ்விகே என்ற சாப்ட்வேர் அதன்பின் உருவானது. புரோட்டானின் வெற்றிக்கு இது ஒரு முக்கியமான காரணம். டைரக்ட்3டி 12ல் எழுதப்பட்ட கேம்களுக்கு விகேடி3டி-புரோட்டான் என்று இன்னொன்று உண்டு. இந்தப் பெயர்களை எல்லாம் நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: உங்கள் கிராபிக்ஸ் வல்கனுக்கு ஏற்றதாக இருந்தால்தான் இன்றைய புரோட்டான் முழுமையாகப் பயன்படும்.

உங்கள் கிராபிக்ஸ் போதுமா?

பழைய கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் தவறாமல் பார்க்க வேண்டிய இடம் இது. புரோட்டான் 8 முதல் வல்கன் 1.3 தேவை.

* இன்டெல் ஆறாவது தலைமுறை (2015) முதல் உள்ள பிராசசர்களோடு வரும் கிராபிக்ஸ்: வல்கன் சரியாக இயங்கும். இதே ஆறாம், ஏழாம் தலைமுறைக் கம்ப்யூட்டர்களைத்தான் விண்டோஸ் 11 பெரும்பாலும் ஒதுக்குகிறது. ஆக, லினக்ஸால் அதிக லாபம் இவர்களுக்கே.

* இன்டெல் மூன்றாம், நான்காம் தலைமுறை: வல்கன் ஆதரவு அரைகுறை. பழைய கேம்களை ஓப்பன்ஜிஎல் வழியாக விளையாடலாம். புதியவற்றை எதிர்பார்க்க வேண்டாம்.

* என்விடியா ஜிடி 710 போன்ற பழைய கார்டுகள்: இவற்றுக்குரிய 470 வரிசை டிரைவரில் வல்கன் 1.2 வரைதான் உண்டு. ஸ்டீமில் அந்த கேமுக்கு மட்டும் புரோட்டான் 7ஐத் தேர்ந்தெடுத்துப் பார்க்கலாம்.

வல்கன் இருந்தாலும் கார்டின் சக்தி கூடிவிடாது. விண்டோஸில் திக்கித் திணறிய கேம் லினக்ஸிலும் திணறத்தான் செய்யும்.

ஸ்டீமில் விளையாடுவது எப்படி?

புதியவர்களுக்கு மிக எளிய வழி இதுதான்.

1. லினக்ஸ் மின்ட்டில் சாப்ட்வேர் மேனேஜரைத் திறந்து, ஸ்டீம் என்று தேடி இன்ஸ்டால் செய்யுங்கள்.

2. உங்கள் ஸ்டீம் கணக்கில் லாக் இன் செய்யுங்கள். விண்டோஸில் இருந்தபோது வாங்கிய கேம்கள் எல்லாம் அப்படியே இருக்கும். மறுபடியும் பணம் கட்ட வேண்டாம்.

3. பழைய ஸ்டீம் பதிப்புகளில் செட்டிங்ஸ் சென்று, கம்பேட்டிபிலிட்டி என்ற பிரிவில் எல்லா கேம்களுக்கும் ஸ்டீம் பிளேயை அனுமதிக்கும் சுவிட்சைப் போட வேண்டும். புதிய பதிப்புகளில் இது தானாகவே போடப்பட்டிருக்கும்.

4. கேமைத் தேர்ந்தெடுத்து இன்ஸ்டால் பட்டனை அழுத்துங்கள். தேவையான புரோட்டானும் தானாக வந்துவிடும்.

5. கேம் தொடங்காவிட்டால் அதன் பெயரில் ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸ், பிறகு கம்பேட்டிபிலிட்டி என்று செல்லுங்கள். அங்கே வேறொரு புரோட்டான் பதிப்பைத் தேர்ந்தெடுத்து முயன்று பாருங்கள்.

முதல் தடவை "வல்கன் ஷேடர்கள் தயாராகின்றன" என்ற பொருளில் ஒரு செய்தி வந்து சில நிமிடம் ஆகலாம். கம்ப்யூட்டர் நின்றுவிட்டதோ என்று பயந்து ரீஸ்டார்ட் செய்யாதீர்கள். உங்கள் கார்டுக்கு ஏற்றபடி காட்சிகளுக்கான கட்டளைகளை அது முன்கூட்டியே தயார் செய்கிறது. இந்த வேலையைப் பொறுமையாக முடிக்கவிட்டால் விளையாடும்போது திக்கல் குறையும்.

ஸ்டீமில் இல்லாத கேம்களுக்கு?

எபிக், ஜிஓஜி ஆகிய கடைகளில் வாங்கியவற்றுக்கு ஹீரோயிக் கேம்ஸ் லாஞ்சர் என்ற இலவச சாப்ட்வேர் உண்டு. சிடியில் உள்ள பழைய கேம்களுக்கு லூட்ரிஸ், பாட்டில்ஸ் ஆகியவை உதவும். இவை வைனுக்கான அமைப்புகளை உங்களுக்காகச் செய்து தரும்.

வைன் முதல் தடவை இயங்கும்போது உங்கள் ஹோம் போல்டரில் மறைவாக ஒரு போல்டரை உருவாக்கும். அதற்குள் சி டிரைவ், புரோகிராம் பைல்ஸ் எல்லாம் விண்டோஸில் இருப்பது போலவே இருக்கும். ஒரு கேமில் குளறுபடி ஆனால் அந்த போல்டரை நீக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம். லினக்ஸுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் நீங்கள் சேமித்த ஆட்டங்களும் அதற்குள்ளேயே இருக்கலாம், எனவே முதலில் காப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

சில பழைய புரோகிராம்களில் வைன் விண்டோஸையே மிஞ்சிவிடும். விண்டோஸ் 3.1 காலத்து 16-பிட் புரோகிராம்களை இன்றைய 64-பிட் விண்டோஸ் ஏற்காது. அவற்றில் பலவற்றை வைன் ஓட்டிவிடும். இன்னும் பழைய டாஸ் கேம்களுக்கு வைன் வேண்டாம், டாஸ்பாக்ஸ் போதும்.

எவை ஓடாது?

இனி, என்னை மாட்டிவிட்ட விஷயத்திற்கு வருவோம். காட்சி வரைவது இன்று பெரிய தடை இல்லை. பெரிய தடை, ஆன்லைன் விளையாட்டில் ஏமாற்றுபவர்களைப் பிடிக்கும் ஆன்ட்டி-சீட் சாப்ட்வேர். சுவருக்குப் பின்னால் இருப்பவரைக் காட்டும், தானாகக் குறி வைக்கும் திருட்டுப் புரோகிராம்கள் இருக்கின்றன அல்லவா? அவற்றைக் கண்டுபிடிக்க, சில ஆன்ட்டி-சீட்கள் விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்கின்றன. லினக்ஸில் விண்டோஸ் கெர்னலே கிடையாது. அது எங்கே போய் உட்காரும்?

* வாலரன்ட், லீக் ஆப் லெஜண்ட்ஸ்: இவற்றின் வான்கார்ட் ஆன்ட்டி-சீட் லினக்ஸில் இயங்காது.

* ஃபோர்ட்நைட்: லினக்ஸுக்கு அனுமதி இல்லை.

* அபெக்ஸ் லெஜண்ட்ஸ்: முதலில் ஓடியது. ஏமாற்றுபவர்கள் லினக்ஸ் வழியாக வருகிறார்கள் என்று சொல்லி 2024 அக்டோபரில் நிறுத்திவிட்டார்கள்.

* ஜிடிஏ 5: தனியாக விளையாடும் கதைப் பகுதி ஓடும். 2024 செப்டம்பரில் ஆன்லைன் பகுதிக்கு பேட்டில்ஐ ஆன்ட்டி-சீட் சேர்க்கப்பட்டபின் அந்தப் பகுதிக்கு லினக்ஸிலிருந்து நுழைய முடியவில்லை.

ஆன்ட்டி-சீட் இருந்தாலே ஓடாது என்றும் முடிவு கட்டிவிடாதீர்கள். ஈஸி ஆன்ட்டி-சீட், பேட்டில்ஐ ஆகிய இரண்டும் புரோட்டானில் இயங்க 2021லேயே வழி செய்யப்பட்டது. கேமைத் தயாரித்தவர் அனுமதிக்க வேண்டும், அவ்வளவுதான். எல்டன் ரிங் அப்படி அனுமதித்த ஒரு கேம். பூட்டு ஒன்றுதான், சாவி தயாரிப்பாளர் கையில் இருக்கிறது. அவர் மனது வைத்தால் திறப்பார், நாளைக்கே மூடவும் செய்வார். அபெக்ஸ் கதை அதைத்தான் காட்டுகிறது.

மாறாக, கவுன்டர் ஸ்டிரைக் 2, டோட்டா 2, மைன்கிராப்டின் ஜாவா பதிப்பு ஆகியவை லினக்ஸுக்கென்றே வெளியிடப்படுகின்றன. இவற்றுக்கு வைனும் வேண்டாம், புரோட்டானும் வேண்டாம்.

மொபைல் கேம்களை ப்ளூஸ்டாக்ஸ் வழியாகக் கம்ப்யூட்டரில் விளையாடுபவர்கள் கவனிக்கவும். ப்ளூஸ்டாக்ஸுக்கு லினக்ஸ் பதிப்பு கிடையாது.

அழிக்கும் முன் ஐந்து வேலைகள்

1. பட்டியல் போடுங்கள். வீட்டில் யார் யார் எந்தெந்த கேம் விளையாடுகிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். பிள்ளைகளையே எழுதச் சொல்வது நல்லது. நமக்குத் தெரியாத பெயர்கள் வரும்!

2. ஒவ்வொரு பெயரையும் புரோட்டான்டிபி என்ற இணையதளத்தில் தேடுங்கள். விளையாடியவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதி, பிளாட்டினம், கோல்டு, சில்வர், பிரான்ஸ் என்று தரம் தந்திருப்பார்கள். ஓடவே ஓடாது என்றால் போர்க்டு. தரத்தை மட்டும் பார்க்காமல், சமீபத்திய தேதியில் உங்களுடையதைப் போன்ற கார்ட் வைத்திருப்பவர் எழுதியதைப் படியுங்கள்.

3. நண்பர்களோடு சேர்ந்து விளையாடும் ஆன்லைன் கேம் ஒன்று இருந்தாலும், அதன் ஆன்ட்டி-சீட் லினக்ஸை அனுமதிக்கிறதா என்று தனியாகப் பாருங்கள்.

4. லினக்ஸை பென் டிரைவில் இருந்தே ஓட்டிப் பாருங்கள். ஹார்ட் டிஸ்க்கில் எதையும் தொடாமல், திரை, ஒலி, வை-பை மூன்றும் சரியாக இருக்கின்றனவா என்று தெரிந்துகொள்ளலாம்.

5. போட்டோக்கள், பாடங்கள், கேமில் சேமித்த ஆட்டங்கள் எல்லாவற்றையும் வேறொரு டிஸ்க்கில் பேக்கப் எடுங்கள்.

பட்டியலில் ஓடாத கேம் ஒன்று வந்து, பிள்ளைக்கு அது முக்கியம் என்றால், விண்டோஸை அழிக்காதீர்கள். ஹார்ட் டிஸ்க்கைப் பிரித்து இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் புதிதாகப் போடுவதானால் முதலில் விண்டோஸ், பிறகு லினக்ஸ் என்ற வரிசையில் போடுவது எளிது. ஆதரவு முடிந்த விண்டோஸ் என்றால் அந்த ஒரு கேமுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, பேங்க் வேலை, இமெயில் எல்லாவற்றையும் லினக்ஸில் செய்யுங்கள். லினக்ஸில் விளையாடும் கேம்களை விண்டோஸின் டிரைவில் வைக்க வேண்டாம். அந்த டிரைவின் என்டிஎப்எஸ் அமைப்பு புரோட்டானுக்குப் பல தொல்லைகள் தரும்.

ஓர் எச்சரிக்கை

லினக்ஸில் வைரஸ் வராது என்று நினைத்துக்கொண்டு, யாரோ பென் டிரைவில் தந்த கிராக் செய்யப்பட்ட கேமை வைனில் ஓட்டாதீர்கள். விண்டோஸ் கேமை ஓட்டும் வைன், விண்டோஸ் வைரஸையும் ஓட்டக்கூடும். வழக்கமான அமைப்பில் வைனுக்குள் இசட் என்று ஒரு டிரைவ் இருக்கும். அதன் வழியாக உங்கள் ஹோம் போல்டரில் உள்ள பைல்களை எட்டிவிடலாம். உங்கள் குடும்பப் போட்டோக்களும் அங்கேதான் இருக்கும்.

அக்கா மகன் கதை எப்படி முடிந்தது? அடுத்த ஞாயிறு மறுபடியும் உட்கார்ந்து, டிஸ்க்கைப் பிரித்து இரண்டையும் போட்டுக் கொடுத்தேன். நண்பர்களோடு விளையாட மட்டும் விண்டோஸுக்குப் போகிறான். பாடம், படம், மற்ற கேம்கள் எல்லாம் லினக்ஸில். போன மாதம் அவன் வகுப்பு நண்பன் ஒருவன் தன் வீட்டிலும் லினக்ஸ் போடப் போவதாகச் சொன்னானாம். இவன் கேட்ட முதல் கேள்வி: "நீ என்னென்ன கேம் விளையாடுறே? முதல்ல லிஸ்ட் எழுது."

எனக்குத் தோன்றாத கேள்வி அவனுக்குத் தோன்றியிருக்கிறது. நீங்களும் அந்த லிஸ்டிலிருந்தே தொடங்குங்கள்.